இது எத்தனாவது தடவை?

ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாவின் காலி உறையில் மருந்தும் குண்டும் திரும்ப நிரப்புவது, பழக வருகிறவர்கள் எல்லாரும் முதல் அரைமணி நேரத்துக்குள் கேட்டுவிடுகிற கேள்வி ஒன்று உண்டு. "ஒரு பித்தளை உறையை எத்தனை தடவை திரும்ப நிரப்பலாம்?" பல வருடம் நான் யோசிக்காமலே "அஞ்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவரும் நிம்மதியாகக் குறித்துக்கொள்வார். எனக்கும் யாரோ ஒருவர் அப்படிச் சொன்னதுதான். என்னுடையது .308 வின்செஸ்டர் தோட்டா போடுகிற ரைஃபிள், போல்ட் ஆக்‌ஷன். ஐம்பது உறை ஒரு பெட்டி. ஐந்தாவது தடவை சுட்டு முடித்ததும் ஐம்பதையும் பழைய பித்தளை வாளியில் கொட்டிவிட்டுப் புதுசு பிரிப்பேன். செலவுதான், ஆனால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ரேஞ்சில் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர். அவருடையதும் .308. உறையின் அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தால் நான் வாங்கும் அதே கம்பெனிப் பித்தளை. சுட்டதும் உறையைத் தரையில் தெறிக்க விடாமல், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டை மெதுவாகப் பின்னால் இழுத்து, கையால் எடுத்து, வாயைக் கவிழ்த்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். பெட்டி மூடியில் ஒட்டியிருந்த தாளில் பென்சில் கோடுகள், ஐந்து ஐந்தாக. "இது எத்தனாவது தடவைண்ணே?" என்று கேட்டேன். "பதினெட்டு முடிஞ்சுது தம்பி, இது பத்தொன்பது." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்தைக் குறைத்துப் போட்டுச் சுடுகிறார் போல என்று நினைத்து அதையும் கேட்டேன். இல்லை. அவருடைய அளவும் என்னுடையதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "உடையாதாண்ணே?" என்றேன். அவர் ஒரு உறையை விரலில் உருட்டிக்கொண்டே, "ஏன் உடையணும்?" என்று திருப்பிக் கேட்டார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே காரணம் கேட்டார். என்னிடம் காரணம் இல்லை. ஐந்து என்ற எண் மட்டும்தான் இருந்தது.

அறுத்துப் பார்த்தேன்

அன்று சாயங்காலம் வாளியில் கையை விட்டு ஒரு உறையை எடுத்தேன். பிரைமர் (ஊசி அடித்ததும் பொறி கிளப்பும், அடியில் இருக்கிற சின்ன மூடி) கழற்றியதுதானா என்று பார்த்துவிட்டு, வைஸில் துணி சுற்றிப் பிடித்து, ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் அறுத்தேன். கழுத்துப் பக்கம் ஏதோ தகர டப்பாவை அறுப்பது மாதிரி சரசரவென்று போனது. கீழே வரவர கனம் கூடி, அடிக்கு வந்தபோது கை வலித்தது. ஒரு பாதியை அரத்தில் தேய்த்து, உப்புத்தாளில் ஒரு இழுப்பு இழுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்தேன்.

ரைஃபிள் உறையின் அடி கெட்டியான பித்தளை. அதற்கு மேலே சுவர் தொடங்குகிறது. அடியில் தடித்து, மேலே போகப்போக மெலிகிறது. அந்தக் கெட்டி முடிந்து சுவர் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, உள்பக்கத்தில், சுற்றிலும் ஒரு கோடு ஓடியது. கோடு என்பதைவிடப் பள்ளம் என்பது சரி. நகத்தை வைத்து இழுத்தால் டக்கென்று தட்டியது. அந்த இடத்தில் மட்டும் சுவர் பாதிக்குப் பாதி கரைந்திருந்தது. வெளியே திருப்பிப் பார்த்தேன். அதே உயரத்தில் கொஞ்சம் பளபளப்பாக ஒரு வளையம், அவ்வளவுதான். அந்த வளையத்தை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன், டை (சுட்டு உப்பிய உறையை உள்ளே அழுத்திக் குறுக்கும் எஃகுக் குழல்) முடிகிற இடத்தின் அச்சு என்று நினைத்து விட்டுவிட்டேன். சில சமயம் அது வெறும் டை அச்சாகவும் இருக்கும். வெளியிலிருந்து பார்த்து எது எது என்று பிரிக்க முடியாது என்பதுதான் சங்கடம். இன்னும் மூன்றை அறுத்தேன். மூன்றிலும் பள்ளம். ஒன்றில் அது விரிசலாகவே மாறத் தொடங்கியிருந்தது.

அந்த ஒன்றை நினைத்து அன்று ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. .308-க்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்த அழுத்தத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் வாயுவை அடைத்து நிற்பது இந்தப் பித்தளைதான். உறை அங்கே இரண்டாகப் பிரிந்தால், அடிப்பாகம் மட்டும் போல்ட்டோடு வெளியே வரும், மேல்பாதி அறைக்குள்ளேயே, அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காருகிற இடத்திலேயே, சிக்கிக்கொள்ளும். அதிர்ஷ்டம் இருந்தால் அதோடு போகும். இல்லாவிட்டால் சூடான வாயு பின்பக்கமாக வழி தேடும். கண்ணாடி போடாமல் சுடுகிறவர்களைப் பார்த்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஆக, "அஞ்சு தடவை, பயமில்லை" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பொய். ஐந்தாவது தடவையே என் உறைகள் விளிம்பில்தான் நின்றிருக்கின்றன. பெரியவருடையது பத்தொன்பதிலும் கல்லு மாதிரி இருக்கிறது. ஒரே பித்தளை, ஒரே மருந்து. வித்தியாசம் எங்கே?

கால் சுற்று

துப்பாக்கிக்குள் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் இது பிடிபடும். ஊசி பிரைமரில் அடிக்கும்போது தோட்டாவை முன்னால் தள்ளுகிறது. உறையின் உடம்பு கழுத்தாகக் குறுகுகிற சரிவுதான் தோள்; அது போய் அறையின் தோளில் உட்காருகிறது. அறையைவிடத் தோட்டா கொஞ்சம் குட்டையாக இருந்தால், இப்போது உறையின் அடிக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி விழுந்திருக்கும். மருந்து எரிந்து அழுத்தம் ஏறுகிறது. மேல்பக்கச் சுவர் மெலிசு, உடனே உப்பி அறையின் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அடிப்பாகம் கெட்டி, அது உப்பாது, பிடிக்கவும் பிடிக்காது. அழுத்தம் அதைப் பின்னால் தள்ள, போல்ட்டில் முட்டும்வரை அது நகர்கிறது. மேல் பாதி அசையாமல் நிற்க, அடி மட்டும் பின்னால் போனால், இடையில் இருக்கிற பித்தளை இழுபட்டே ஆக வேண்டும். இழுபடுகிற இடம் நான் பள்ளம் பார்த்த அதே இடம்.

ஒரு தடவை இழுபட்டால் ஒன்றும் ஆகாது. சுட்ட உறை இப்போது என் அறையின் அளவுக்கு நீண்டுவிட்டது. அப்படியே இருந்தால் அடுத்த தடவை இழுபட இடமே இல்லை. அதைத் திரும்பக் குட்டையாக்குவது யார்? உறையை டைக்குள் அழுத்தும் பிரஸ் முன்னால் உட்கார்ந்திருக்கிற நான்தான். புது டை வாங்கினால் கூட வருகிற தாளில் வழக்கமாக இருக்கிற வாசகம் இது: டையை, உறையின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் முட்டும்வரை இறக்கு, அப்புறம் இன்னும் கால் சுற்று இறக்கு. நானும் வேதவாக்காக இறக்கினேன். ஒவ்வொரு தடவையும் தோளைப் பின்னால் தள்ளினேன், ஒவ்வொரு தடவையும் துப்பாக்கி அதை முன்னால் இழுத்தது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து முறிக்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான். கம்பி முறிவது எத்தனை தடவை வளைத்தோம் என்பதோடு, எவ்வளவு தூரம் வளைத்தோம் என்பதையும் பொறுத்தது.

டை செய்தவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருக்கு என் துப்பாக்கியைத் தெரியாது. அமெரிக்காவில் இந்த அளவுகளை நிர்ணயிக்கிற அமைப்பின் பெயர் சாமி. (தமிழில் எழுதினால் சிரிப்பு வருகிறது, நான் என்ன செய்ய.) சாமி கணக்குப்படி .308 அறை, போல்ட் முகத்திலிருந்து தோளில் குறித்த இடம்வரை 1.630 அங்குலத்திலிருந்து 1.640 வரை எப்படியும் இருக்கலாம். தோட்டா 1.627 முதல் 1.634 வரை. ஆகப் பெரிய அறையும் ஆகக் குட்டையான தோட்டாவும் சேர்ந்தால் இடைவெளி 0.013 அங்குலம், 0.33 மில்லிமீட்டர். எல்லார் துப்பாக்கியிலும் உள்ளே போக வேண்டும் என்றால் டை ஆகச் சின்ன அறைக்குத்தான் உறையைக் குறுக்க வேண்டும். என் அறை அவ்வளவு சின்னதில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அடியிலிருந்து தோள்வரை அளக்க, கேலிப்பரில் மாட்டும் கம்பேரேட்டர் ஒன்று வாங்கி அளந்தேன். சுட்ட உறைக்கும் டையில் போட்டு எடுத்த உறைக்கும் தோளில் 0.2 மில்லிமீட்டர் வித்தியாசம். சாதாரணத் தாள் இரண்டைச் சேர்த்து வைத்தால் வருகிற கனம். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஐந்து தடவைக்குக் கூட்டிப் பாருங்கள், ஒரு மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அந்தச் சின்ன வளையத்திலிருந்து வந்தாக வேண்டும். அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் கழுத்து நீளுகிறது என்று ட்ரிம்மரில் வைத்துச் சீவி, உச்ச நீளமான 2.015 அங்குலத்துக்கு உள்ளே கொண்டுவருவேன். மேசையில் தங்கப்பொடி மாதிரி பித்தளைத் தூள் சிதறிக்கிடக்கும்; தூரிகையால் தட்டிக் குப்பையில் போடுவேன். அந்தத் தூள் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பித்தளை புதிதாக முளைப்பதில்லை. கீழே சுவரில் இருந்தது இழுபட்டு, டையில் பிதுங்கி, மேலே கழுத்துக்கு வந்திருக்கிறது. அதைத்தான் நான் சீவிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த ரேஞ்ச் நாளில் அறுத்த பாதியைப் பெரியவர் கையில் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "டையை எவ்வளவு இறக்குவே?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அதான்" என்றார். அவர் தோளைத் தள்ளுவது 0.03, அதிகம் போனால் 0.05 மில்லிமீட்டர். டையை முதலில் உயர்த்தி வைத்து, எண்ணெய் தடவிய ஒரு உறையைப் போட்டு, அளந்து, துளி இறக்கி, மறுபடி அளந்து, அந்த அளவு வந்ததும் நட்டை இறுக்கிவிடுகிறார். அந்த வேலைக்கு இருபது நிமிடம் ஆகும், ஒரு தடவை செய்தால் போதும் என்று நினைத்தேன். அதுவும் தப்பு, பின்னால் சொல்கிறேன். தோளைத் தொடாமல் கழுத்தை மட்டும் குறுக்கினால் இன்னும் நல்லதுதானே என்று நடுவில் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். மூன்று தடவை ஜோராகப் போனது, நான்காவது தடவை போல்ட் மூடக் கை போதவில்லை. உடம்பும் தோளும் உப்பிக்கொண்டே போய் அறையை அடைத்துவிட்டன. கொஞ்சமாவது தள்ளித்தான் ஆக வேண்டும்.

இதே கதை .303 பிரிட்டிஷில் இன்னும் மோசம். அது விளிம்பு வைத்த தோட்டா, உட்காருவது விளிம்பில், தோளில் அல்ல. சேறும் தூசியும் ஒட்டிய தோட்டாவும் உள்ளே போக வேண்டும் என்று ராணுவ அறைகளைத் தாராளமாகக் குடைந்தார்கள். தோள் எங்கே இருந்தால் என்ன என்று விட்டுவிட்டார்கள். போதாக்குறைக்கு லீ-என்ஃபீல்டின் போல்ட் பின்பக்கம் பூட்டுவது, அழுத்தத்தில் துளி நெளிந்துகொடுக்கும். உடம்பு முழுவதையும் குறுக்கும் டையில் போட்டால் இரண்டு மூன்று தடவையிலேயே பிரிகிற உறைகள் உண்டு. அதற்குச் சிலர் முதல் தடவை சுடும்போது விளிம்புக்கு முன்னால் சின்ன ரப்பர் ஓ-ரிங் மாட்டுகிறார்கள். அது தோட்டாவைப் பின்னால் போல்ட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, உறை அடியில் இழுபடாமல் தோள் மட்டும் முன்னால் உப்புகிறது. அப்புறம் அந்தத் தோளிலேயே உட்கார வைத்துக்கொள்ளலாம். .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மாதிரி, அடிக்குச் சற்று மேலே சுற்றிலும் தடித்த பட்டை உள்ள இடுப்புப்பட்டைத் தோட்டாக்களுக்கும் இதே வியாதி, இதே வைத்தியம்: பட்டையை மறந்துவிட்டுத் தோளைப் பார்.

கழுத்து, அப்புறம் பிரைமர் குழி

இழுபடுவதை நிறுத்தியதும் என் உறைகள் சாகவே மாட்டா என்று நினைத்தேன். எட்டாவது தடவை இரண்டின் கழுத்து பிளந்தது. வாயிலிருந்து தோளை நோக்கி மயிரிழை மாதிரி ஒரு கோடு. இது ஆபத்தில்லாத சாவு. பெரும்பாலும் சுட்ட பிறகு பார்த்துத்தான் தெரியும், தூக்கிப் போட வேண்டியதுதான். காரணம் பித்தளையின் குணம். தோட்டாப் பித்தளை 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். தட்டத் தட்ட, வளைக்க வளைக்க இறுகிப்போகும். பாத்திரம் தட்டுகிற கன்னாருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு தட்டு தட்டினால் ஒரு தடவை நெருப்பில் காட்டுவார். உறையின் கழுத்து சுடும்போது விரிகிறது, டையில் சுருங்குகிறது, டைக்குள் இருக்கும் உருண்டை அதைத் திரும்ப விரிக்கிறது, குண்டு உட்காரும்போது இன்னும் கொஞ்சம். ஒரு சுற்றுக்கு நாலு தடவை வேலை வாங்கினால் இறுகாமல் என்ன செய்யும்?

சூடுகாட்டி இளக்குவதுதான் வழி, அனீலிங். கழுத்தையும் தோளையும் மட்டும், சில நொடி, ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸ். 400-இல் நிறம் மாறும் பெயின்ட் ஒன்று விற்கிறது, அதைத் தடவிப் பழகியபிறகுதான் எனக்குக் கை தைரியம் வந்தது. இந்த வேலையில் ஒரே ஒரு பாவம் உண்டு: சூட்டை அடிக்கு இறங்க விடுவது. அடி இறுகியிருப்பதால்தான் அந்த அழுத்தத்தைத் தாங்குகிறது; அது இளகிவிட்டால் உறை வெடிகுண்டு. சந்தேகம் வந்த உறையை நான் வைத்துக்கொள்வதே இல்லை. உடனே தண்ணீரில் போடுவது சூடு கீழே இறங்காமல் தடுக்கத்தான். எஃகு மாதிரி தண்ணீரில் போட்டால் பித்தளை இறுகாது. ராணுவத் தோட்டாவின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் படிந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அது தொழிற்சாலையில் சூடுகாட்டிய தடம். மற்ற கம்பெனிகளும் காட்டுகிறார்கள், அழகுக்காகத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள்.

டையை ஒரு தடவை பூட்டினால் போதும் என்று நினைத்தது தப்பு என்றேனே, அது இங்கேதான் வருகிறது. இறுகிய பித்தளை டையிலிருந்து வெளியே வந்ததும் துள்ளித் திரும்பிவிடும். புது உறையில் 0.05 தள்ளிய அதே டை, ஆறாவது தடவை 0.02 கூடத் தள்ளவில்லை. டை மாறவில்லை, பித்தளை மாறிவிட்டது. இப்போது இரண்டு மூன்று தடவைக்கு ஒருமுறை இளக்குகிறேன்; ஒவ்வொரு தடவையும் இளக்குகிறவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

இறுகிய பித்தளைக்கு இன்னொரு எதிரி அமோனியா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக்கள், சுடாமலே, மழைக்காலத்தில் தானாக வெடிப்பு விட்டன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாவும் ஈரமும் சேர்ந்து, செய்யும்போதே இறுக்கம் ஏறியிருந்த பித்தளையைப் பிளந்துவிட்டன. காரணம் தெளிவானது 1921-இல்தான். நான் உறைகளைப் பளபளப்பாக்க அலமாரியில் இருந்த பித்தளை பாலிஷை எடுத்து மூடியைத் திறந்தேன். மூக்கில் ஏறிய நெடியிலேயே தெரிந்தது, உள்ளே அமோனியா. மூடி வைத்துவிட்டேன். இப்போது டம்ளர் என்கிற உருட்டும் இயந்திரத்தில் மக்காச்சோளச் சக்கைத் தூள் போட்டு உருட்டுவதோடு சரி.

பிரைமர் குழி தளர்ந்துபோனால் ஒன்றும் செய்வதற்கில்லை. பிரைமரை அழுத்தும்போது கட்டைவிரலுக்கு எதிர்ப்பே தெரியாமல் வழவழவென்று உள்ளே போனால் அந்த உறையின் கதை முடிந்தது. அழுத்தம் அடியையே விரித்துவிட்டது என்று அர்த்தம், அதைச் சுருக்க டை கிடையாது. என் கருத்தில் இது பேராசைக்கு வருகிற சாவு. நொடிக்குப் பத்து மீட்டர் வேகம் கூடக் கிடைக்குமே என்று மருந்தை உச்சத்துக்கு ஏற்றுகிறவர்களின் உறைகள் மூன்று நாலு தடவையில் இப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன். 42,000 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்யும் .30-30 மாதிரித் தோட்டாக்களில் குழி தளர்வது அபூர்வம், கழுத்துதான் முதலில் போகும். செமி ஆட்டோமேட்டிக்கில் சுடுகிறவர்கள் என் கணக்கு எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தத் துப்பாக்கி உறையைச் சூடு ஆறுமுன் பிடுங்கி எறிகிறது, அது தானாக மூடிக்கொள்ளத் தோளையும் தாராளமாகத் தள்ளியாக வேண்டும்.

இப்போது என் மேசையில் ஒரு பேப்பர் கிளிப் நிரந்தரமாகக் கிடக்கிறது. நிமிர்த்தி, நுனியை மட்டும் சின்னதாக வளைத்து, கூராக்கியது. நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விட்டு, அடியிலிருந்து சுவரை உரசிக்கொண்டே மேலே இழுப்பேன். நல்ல உறையில் வழுக்கிக்கொண்டு வரும். பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் தட்டும், விரலுக்கு நன்றாகத் தெரியும். முதலில் அறுத்த உறையின் மறுபாதியை இதற்கென்றே வைத்திருக்கிறேன். தட்டுவது எப்படி இருக்கும் என்று விரல் மறந்துவிடாமல் இருக்க, தொடங்கும் முன் அதில் ஒருதடவை உரசிப் பார்ப்பேன்.

புது முறையில் தொடங்கிய பெட்டி போன மாதம் பதினொன்றாவது கோட்டைத் தாண்டியது. ஐம்பதில் நாற்பத்தாறு இருக்கின்றன: இரண்டு கழுத்து, ஒன்று குழி. கிளிப் எதிலும் தட்டவில்லை. இருந்தாலும் மனசு கேட்கவில்லை, நான்காவதை வைஸில் பிடித்து அறுத்துவிட்டேன். உள்சுவர் அடியிலிருந்து மேல்வரை ஒரே சரிவு, கண்ணாடி மாதிரி. சந்தோஷத்தில் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்ப் பெரியவரிடம் காட்டினேன். வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல உறையாச்சே தம்பி, இதை ஏன் அறுத்தே?"